எட்டுக் கோடீஸ்வரரும் ஒரு குழாய்த் தொழிலாளியும்

(கிளைப் பிரதிநிதிகள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் நாம் ஒரு தீர்மானம் கொண்டு வந்தோம். ஒரு நாட்டின் சர்க்காரை மாற்றும் உரிமை அந்நாட்டு மக்களுக்கே உண்டு. அமெரிக்கா அதில் தலையிடலாகாது என்பது அதன் சாரம். வாக்கெடுப்புக்கு முன் ஒரு தோழர் எழுந்தார். "ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன? அங்கே எவன் மந்திரியானாலும் இங்கே நமக்கு வாளியும் கத்தியும்தானே?" என்று கேட்டார். சபை கைதட்டியது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் தோழர் மீது நமக்கு வருத்தமில்லை. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இன்று தலைவரிடம் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி வரும்போதெல்லாம் நம் காப்பிக் கடைகளிலும் ஒரு வாதம் நடக்கிறது. பத்திரிகையில் மந்திரிமார் படம் வருகிறது. இவர் சண்டைக்காரர், அவர் சமாதானக்காரர், இவர் முதலாளி, அவர் தொழிலாளர் பக்கம் என்று ஆளுக்கொரு பக்கம் பேசுகிறோம். அப்படிப் பேசுவது தவறல்ல. ஆனால் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது? இதற்கு ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டு நவம்பரில் தேர்தலில் வென்று, 1953 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற ஜெனரல் ஐசன்ஹோவரின் சர்க்கார்தான் அந்த வழக்கு. அது முடிந்து பல காலமாகிவிட்டது. மறைத்து வைத்த கடிதங்கள் பலவும் வெளிவந்துவிட்டன. ஆகவே யூகம் வேண்டியதில்லை.

முதலில் "நமக்கென்ன?" என்பதைக் கவனிப்போம். 1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. 1950ல் ராத்தலுக்குச் சராசரி 1 வெள்ளி 8 காசு விற்ற ரப்பர், 1951ல் சுமார் 1 வெள்ளி 70 காசுக்கு ஏறியது. பிறகு அமெரிக்கா வாங்குவதைக் குறைத்தது. சண்டை ஓயும் என்ற பேச்சும் வந்தது. 1953ல் சராசரி விலை ஏறக்குறைய 67 காசு. மரம் அதே மரம். கத்தி அதே கத்தி. விடியற்காலைப் பெரட்டும் அதே பெரட்டு. விலையோடு ஏறி இறங்கிய சம்பளத்தை வாங்கி வந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும், அரிசிக் கடைக் கணக்கிலே கொரியாவைக் கண்டார்கள். வாஷிங்டனில் யார் எந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பது நம் லயத்து அடுப்பு வரை வந்த விஷயம். இதற்கு மேல் இதை விரிக்க வேண்டியதில்லை. கணக்கு வைத்திருந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

இனி அந்தத் தேர்தலுக்கு வருவோம்.

குடியரசுக் கட்சிக்குள் அப்போது இரண்டு கட்சி இருந்தது என்றே சொல்லலாம். ஒரு பக்கம் செனட்டர் ராபர்ட் டாஃப்ட். அமெரிக்கா அயல் நாடுகளில் கண்ட இடத்திலெல்லாம் போய்க் காவல் நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1949ல் வட அட்லாண்டிக் ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களித்தவர் அவர். மறு பக்கம், உலகத்தில் அமெரிக்காவின் கை நீண்டிருக்க வேண்டும் என்று சொன்னவர்கள். டாஃப்ட் ஜனாதிபதியாகிவிடக் கூடாது என்றே அவர்கள் ஐசன்ஹோவரைக் களத்தில் இறக்கினார்கள். அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற வக்கீல். கம்யூனிஸத்தை அது இருக்கும் எல்லையில் தடுத்து நிறுத்துவது போதாது, அதன் பிடியிலுள்ள மக்களை விடுவிக்க வேண்டும் என்று அவர் முழங்கினார். கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அந்த முழக்கம் ஏறியது.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு டாஃப்ட் மீது அன்பு பிறக்கும். சண்டை வேண்டாம் என்றவர் அல்லவா? பொறுங்கள், தோழர்களே. 1947ல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தின் டாஃப்ட் இவரேதான். சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தைத் தடை செய்த சட்டம் அது. பெரிய வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட நீதிமன்றத்தை நாடச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. சங்க நிர்வாகிகள் தாம் கம்யூனிஸ்ட் அல்ல என்று சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றது. ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட மறுத்தும், காங்கிரஸ் அவரையும் மீறி அதை நிறைவேற்றியது. வெளியே சமாதானம், உள்ளே சங்கத்தின் கழுத்தில் கை! மனிதர்கள் நம் வசதிக்காக ஒரே நிறத்தில் பிறப்பதில்லை.

தேர்தல் முடிந்தது. மந்திரிமார் பெயர்கள் வெளிவந்தன. வெளிநாட்டு மந்திரி டல்லஸ். நிதிமந்திரி, கிளீவ்லாந்திலிருந்த பெரிய கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் ஹம்ப்ரி. பாதுகாப்பு மந்திரி, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் சார்லஸ் வில்சன். உள்நாட்டு மந்திரியும் தபால் மந்திரியும் முன்பு மோட்டார் வண்டி விற்றவர்கள். தொழில் மந்திரியாக மார்ட்டின் டர்கின். இவர் சிக்காகோவில் நீராவிக் குழாய் பொருத்தும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானவர். எட்டுக் கோடீஸ்வரரும் ஒரு குழாய்த் தொழிலாளியும் சேர்ந்த மந்திரிசபை என்று அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. ஊரெல்லாம் அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டது.

வில்சன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவத்துக்குச் சாமான் செய்து கொடுத்த கம்பெனிகளில் எல்லாம் பெரியது ஜெனரல் மோட்டார்ஸ். அதில் வில்சனுக்கு 25 லட்சம் டாலருக்கு மேல் பங்கு இருந்தது. வாங்கும் இடத்தில் மந்திரி, விற்கும் இடத்தில் பங்குதாரர்! செனட் சபையார் கேட்டபோது, நாட்டுக்கு நல்லது கம்பெனிக்கும் நல்லது என்றுதான் தாம் நினைத்து வந்ததாகவும், மறுபக்கமும் அப்படியே என்றும் சொன்னார். கடைசியில் பங்குகளை விற்க ஒப்புக்கொண்ட பிறகே பதவி கிடைத்தது. கம்பெனிக்கு நல்லதெல்லாம் நாட்டுக்கு நல்லது என்று அவர் ஆணவத்தோடு சொன்னதாக ஊர் பேசுகிறது. அவர் சொன்னது அவ்வளவு மோசமல்ல. ஆனால், நமக்கு அதைவிடக் கவலை தருவது வேறு. அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை! நம் தோட்டத்துத் துரைமாரில் நல்லவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். தோட்டத்துக்கு லாபம் என்றால் கூலிக்கும் லாபம்தானே என்று அவர்கள் மனப்பூர்வமாகவே நம்பினார்கள். நாம் வெட்டிய பாலில் ஒரு பங்கு டயராகிப் போய்ச் சேர்ந்ததும் அந்த வண்டிகளுக்கடியில்தான்.

இப்போது குழாய்த் தொழிலாளிக்கு வருவோம். டர்கின் எதிர்க்கட்சிக்காரர், தேர்தலில் ஐசன்ஹோவருக்கு எதிராக வேலை செய்தவர். அப்படிப்பட்டவரை மந்திரியாக்கியது கண்டு அமெரிக்கத் தொழிலாளர் மகிழ்ந்தார்கள். "நம்பவே முடியவில்லை" என்று டாஃப்ட் கொதித்தார். முதலாளி கோபப்பட்டால் நமக்கு நல்லது என்று நினைப்பது நம் பழக்கமல்லவா? அங்கேயும் அப்படித்தான் நினைத்தார்கள்.

டர்கின் ஒரே ஒரு காரியத்துக்காகப் போனார். டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைத் திருத்த வேண்டும். மாதக் கணக்கில் உட்கார்ந்து, ஜனாதிபதி மாளிகை அதிகாரிகளோடு பேசி, 19 திருத்தங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரானது. காங்கிரசுக்கு அனுப்பும் செய்தியும் எழுதப்பட்டது. 1953 ஜூலை 31ஆம் தேதி டாஃப்ட் காலமானார். அடுத்த சில தினங்களில் அந்த நகல் முதலாளிமார் படிக்கும் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. எப்படி வெளியானது? குழாய் வேலை தெரிந்தவர் மந்திரியாக இருந்தும் அந்த ஒழுகலை அடைக்க முடியவில்லை! முதலாளிகள் கூச்சலிட்டார்கள். மந்திரிசபையிலேயே வர்த்தக மந்திரி எதிர்த்தார். பட்டியல் கிணற்றில் போட்ட கல்லானது. ஜனாதிபதி தமக்கு வாக்குக் கொடுத்தார் என்றார் டர்கின். அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்றார் ஐசன்ஹோவர். செப்டம்பர் 10ஆம் தேதி டர்கின் ராஜிநாமா செய்தார். பதவியில் இருந்தது எட்டு மாதம்கூட இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் பெரிய துணிக்கடைகளில் ஆள் நிர்வாகம் பார்த்தவர். டர்கின் தம் சங்கத்துக்கே திரும்பிப் போனார், 1955ல் மறைந்தார். பதவியை விட்டுவிட்டுச் சங்கத்துக்குத் திரும்பியவரை நாம் வணங்குகிறோம். நம் ஊரில் அதற்கு நேர்மாறான யாத்திரையைத்தானே அதிகம் பார்த்திருக்கிறோம்?

தோழர்களே! டர்கின் பதவியில் நீடித்திருந்தாலும் ஒரு விஷயத்தில் எதுவும் மாறியிராது. மந்திரிசபை என்று ஒன்று இருந்தது. தேசியப் பாதுகாப்புக் குழு என்று இன்னொன்று இருந்தது. எந்த நாட்டில் கைவைப்பது, எங்கே ஆயுதம் இறக்குவது என்பதெல்லாம் அந்த இரண்டாவது மேசையில் பேசப்பட்டது. ஜனாதிபதி, வெளிநாட்டு மந்திரி, பாதுகாப்பு மந்திரி முதலானோர் அங்கே அமர்ந்தார்கள். நிதிமந்திரி வருவார். ரகசிய இலாகாத் தலைவர் வந்து நிலைமை சொல்வார். அந்தத் தலைவர் ஆலன் டல்லஸ்; வெளிநாட்டு மந்திரியின் சொந்தத் தம்பி. தொழில் மந்திரிக்கு அந்தக் குழுவில் நாற்காலி இல்லை. "நம் ஆள் மந்திரியாகிவிட்டார்" என்று தொழிலாளர் மகிழ்ந்தது உண்மை. எந்த மேசை என்று கேட்டவர் குறைவு.

அந்த மேசையில் என்ன நடந்தது? ஐசன்ஹோவருக்கு நியாயம் செய்ய வேண்டும். 1953 ஜூலை 27ஆம் தேதி கொரியாவில் போர்நிறுத்தம் செய்தவர் அவர். 1954ல் வியட்நாமில் டீன் பீன் ஃபூவில் பிரெஞ்சுக்காரர் சிக்கித் தவித்தபோது படை அனுப்ப மறுத்தவரும் அவர். பகிரங்க யுத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இருட்டில் செய்யும் காரியத்துக்கு அவர் தயங்கவில்லை. ஈரான் தன் எண்ணெயை 1951ல் தேசவுடைமையாக்கியது. அதன் பிரதமர் மொசாடெக்கைக் கவிழ்க்கப் பிரிட்டிஷ்காரர் உதவி கேட்டபோது ட்ரூமன் சர்க்கார் இணங்கவில்லை. ஆள் மாறினார்கள், விடையும் மாறியது. 1953 ஆகஸ்டில் மொசாடெக் வீழ்த்தப்பட்டார்.

அதே 1953 ஜூனில் கிழக்குப் பெர்லினில் கட்டடத் தொழிலாளர்கள், வேலை அளவைக் கூட்டியதை எதிர்த்துக் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் போனார்கள். மறுநாள், 17ஆம் தேதி, பல ஊர்களில் தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். சோவியத் டாங்கிகள் வந்து நசுக்கின. தொழிலாளர் ராஜ்யம் என்று சொல்லிக்கொண்ட இடத்தில் தொழிலாளி மீது டாங்கி! மக்களை விடுவிப்போம் என்று முழங்கிய டல்லஸ் என்ன செய்தார்? அமெரிக்கா உணவுப் பொட்டலம் கொடுத்தது. டாங்கி அனுப்பி உலக யுத்தத்தைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், விடுதலை என்ற அந்தப் பெரிய வார்த்தை வலிமையானவன் முன் வாயை மூடிக்கொண்டது. எளியவன் வீட்டில்தான் அது கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது.

குவாத்தமாலாவின் கதையைத் தோட்டத் தொழிலாளிகளாகிய நாம் நின்று நிதானமாகக் கேட்க வேண்டும். அது வாழைத் தோட்ட நாடு. யுனைட்டெட் ஃபுரூட் என்ற அமெரிக்கக் கம்பெனிதான் அங்கே பெரிய நிலக்காரர். ரயிலும் துறைமுகமும்கூட அதன் பிடியில். 1947ல் வந்த தொழிற்சட்டத்தால் தொழிலாளர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1952 ஜூனில் ஜனாதிபதி ஆர்பென்ஸ் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் செய்தார். பெரிய தோட்டங்களில் பயிரிடாமல் கிடக்கும் நிலத்தை எடுத்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு நஷ்டஈடும் உண்டு. கம்பெனியின் நிலத்தில் பெரும் பகுதி தரிசாகவே கிடந்தது. சர்க்கார் முதலில் எடுத்த நிலத்துக்கு ஏறக்குறைய 6 லட்சம் டாலர் என்று கணக்கிட்டது. எந்தக் கணக்குத் தெரியுமா? வரி கட்டும்போது கம்பெனியே தன் நிலத்துக்கு எழுதிக் கொடுத்த மதிப்பு! அதற்கு 1954 ஏப்ரலில் அமெரிக்க வெளிநாட்டு இலாகா கேட்ட தொகை 1 கோடியே 58 லட்சம் டாலருக்கு மேல். வரிக்கு ஒரு தராசு, விலைக்கு ஒரு தராசு. பால் நிறுக்கும் இடத்தில் நாம் காணாத தராசா?

டல்லஸ் சகோதரர்கள் இருந்த வக்கீல் நிறுவனம் இந்தக் கம்பெனிக்கும் வேலை செய்தது. டல்லஸுக்கு அடுத்த நாற்காலியிலிருந்த பெடல் ஸ்மித், சர்க்கார் வேலையை விட்ட பின் இந்தக் கம்பெனியின் இயக்குநராகவே ஆனார். இதனால் அவர்கள் கைக்கூலி வாங்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆர்பென்ஸ் விழுந்த அடுத்த வாரமே அமெரிக்கச் சர்க்கார் இதே கம்பெனி மீது ஏகபோக வழக்குத் தொடர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கம்யூனிஸ பயமும் உண்மையான பயம்தான். ஆர்பென்ஸின் சிநேகிதர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ஆனால், ஒரே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தரிசு நிலத்தை எடுப்பதும் மாஸ்கோவின் சூழ்ச்சியும் ஒன்றாகவே தெரிந்தன. அது வேறு, இது வேறு என்று எடுத்துச் சொல்ல அந்த மேசையில் தோட்டம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

1953 ஆகஸ்டில் உத்தரவு பிறந்தது. டர்கின் அப்போது மந்திரியாகத்தான் இருந்தார். 1954 ஜூன் 18ஆம் தேதி, ரகசிய இலாகா ஆயுதம் கொடுத்த ஒரு சிறு படை ஹோண்டுராஸிலிருந்து எல்லை தாண்டியது. விமானம் குண்டு போட்டது. ஜூன் 27ஆம் தேதி ஆர்பென்ஸ் விலகினார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். காஸ்டில்லோ ஆர்மாஸ் என்ற ராணுவ அதிகாரி ஆட்சிக்கு வந்தார். நிலச் சீர்திருத்தம் ரத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை ரத்து. 500க்கும் மேற்பட்ட தொழிற்சங்கங்களின் பதிவு ரத்து. அவற்றில் வாழைத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் ரயில் தொழிலாளர் சங்கமும் அடக்கம். சங்கப் பதிவுப் பத்திரம் ஒன்றைப் பெற நம் முன்னோர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார்கள் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். 1960ல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1996 வரை நீடித்த அதில் 2 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். 1999ல் ஜனாதிபதி கிளிண்டன் குவாத்தமாலாவுக்கே போய், அங்குள்ள ராணுவத்துக்கு அமெரிக்கா துணை நின்றது தவறு என்று சொல்லி வருந்தினார்.

நம்மைச் சுடும் செய்தி ஒன்று மிச்சமிருக்கிறது. ஆர்பென்ஸ் விழுந்ததும் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் அதை வரவேற்றது. அதன் தலைவர் ஜார்ஜ் மீனி. டர்கினின் அதே குழாய்த் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். கம்யூனிஸ்டுகள் போனால் சுதந்திரமான சங்கங்கள் தழைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். சங்கங்களே அழிந்தபோது வருந்தினார்கள், கண்டித்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தன் நாட்டில் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தோடு மல்லுக்கட்டிய ஒரு பெரிய தொழிலாளர் இயக்கம், இன்னொரு நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் சங்கத்தை மூடிய படையெடுப்பை வாழ்த்தி வரவேற்றது. கெட்ட எண்ணத்தால் அல்ல. கம்யூனிஸ்டுகள் போனால் போதும் என்று நம்பி, பிறகு வருவதை டல்லஸிடம் விட்டுவிட்டார்கள். இங்கே "நமக்கென்ன?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிய தோழரும் அதையேதான், நல்ல எண்ணத்தோடு, சொல்கிறார்.

இதே 1954 மே மாதத்தில், அந்தப் படை புறப்பட்ட அதே ஹோண்டுராஸில், 25,000க்கும் மேற்பட்ட வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதே கம்பெனிதான் அங்கேயும். இரண்டு மாதத்துக்கு மேல் நின்றார்கள். பக்கத்து நாடு விழுந்த செய்தி வந்த பிறகும் நின்றார்கள். கேட்ட சம்பளம் முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்த நாட்டுத் தொழிற்சட்டம் 1959ல் வந்ததற்கு அந்த வேலைநிறுத்தமே அடிப்படை. அவர்களுக்காக எந்த மேசையிலும் ஒரு மந்திரி உட்கார்ந்திருக்கவில்லை.

தலைவர் மணி அடிக்கப் போகிறார். ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறோம். ஒத்திவைத்த தீர்மானத்தை இன்றே மறுபடி சபையின் முன் வைக்க வேண்டும். அதில் ஒரு திருத்தமும் நாமே தருகிறோம். முன்பு எழுதியதில் அமெரிக்கா என்று மட்டுமே இருந்தது. பெர்லின் கட்டடத் தொழிலாளியை அப்போது நாம் நினைக்கவில்லை, பிழை நம்முடையது. அந்த இடத்தில் "எந்த வல்லரசும்" என்று மாற்றி எழுதிக் கொண்டு வந்திருக்கிறோம். கேள்வி கேட்ட தோழரே அதை வழிமொழிந்தால் நமக்கு மிகவும் சந்தோஷம். எதிர்த்துப் பேசினாலும் சரி, கேட்கக் காத்திருக்கிறோம்.